காயில் கடைக்காரர் பதில்கள்: தாலிக்கொடி முதல் ஸ்டார்ட்டர் வரை

கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை, அதாவது எரிந்துபோன காயிலை (கம்பிச் சுருளை) மாற்றிச் சுற்றிக் கொடுக்கும் கடை, வைத்திருந்தவன் நான். பட்டறை மகன் கைக்குப் போனதும் இந்தப் பக்கம் என் கைக்கு வந்தது. காந்தம், மின்காந்தம் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி வைத்தியம், கொஞ்சம் ஜோசியம். அவற்றையும் தள்ளிவிடவில்லை.

எங்கள் வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு வாங்கினோம். சீராக வந்த எவர்சில்வர் பாத்திரங்களில் பாதி அதில் சூடாவதே இல்லை. கடைக்காரர் காந்தம் ஒட்டுகிற பாத்திரமாகப் பார்த்து வாங்கச் சொல்கிறார். நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?
- வாசகி, பொள்ளாச்சி

இரண்டு பேரும் சரி. உங்களுக்கு இது ஆறுதலாக இருக்காது என்று தெரியும்.

எவர்சில்வர் என்று நாம் ஒரே பெயரில் கூப்பிட்டாலும் அதில் பல ரகம் உண்டு. 304 என்கிற ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நிக்கல் சேரும்போது இரும்பின் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதமே மாறிவிடுகிறது; காந்தம் அதைச் சட்டை செய்வதில்லை. மாமியார் சொல்வது இதைத்தான். ஆனால் அந்தச் சோதனையை முழுசாக நம்பிவிட வேண்டாம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசை ரகமும் இருக்கிறது, விலை குறைவு, துருவும் சீக்கிரம் எட்டிப் பார்க்கும். அதிலும் காந்தம் ஒட்டாது. 304 பாத்திரத்திலேயே விளிம்பை மடித்து அழுத்திய இடத்தில் லேசாக ஒட்டும். அதைக் கண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

இனி அடுப்பு. கண்ணாடிக்குக் கீழே வட்டமாகச் சுற்றிய செப்புக் காயில் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை சுழல்வது. அடுப்புக்குள் இருக்கும் சர்க்யூட் அதை நொடிக்கு 20,000 முறைக்கும் மேலாக ஏற்றிக் காயிலுக்குக் கொடுக்கிறது. அந்த அளவுக்கு ஏற்றுவதில் ஒரு வசதி, காயில் போடும் இரைச்சல் மனிதர் காதுக்கு எட்டாது. காயிலுக்கு மேலே காந்தப்புலம் அதே வேகத்தில் திசை மாறி மாறி அடிக்கிறது. அதன்மேல் இரும்புப் பாத்திரத்தை வைத்தால் அதன் அடியில் மின்சாரம் தானாகவே பிறந்து வட்டமாகச் சுழலும். சுழல் மின்னோட்டம் என்பார்கள். இரும்பில் அது அடிப்பரப்பின் மெல்லிய தோலுக்குள்ளேயே அடைபட்டு நெருக்கியடித்து ஓட வேண்டியிருப்பதால் பாத்திரமே கொதிக்கிறது. அடுப்பு சுடவில்லை, பாத்திரம் தன்னைத் தானே சுட்டுக்கொள்கிறது.

அலுமினியத்திலும் செம்பிலும் மின்சாரம் பிறக்கத்தான் செய்கிறது. ஆனால் அவற்றில் தடை குறைவு, சூடு போதவில்லை. பாத்திரமே இல்லை என்று நினைத்து அடுப்பு கத்திவிட்டு அணைந்துவிடும். காந்தம் ஒட்டாத எவர்சில்வரிலும் மின்சாரம் மெல்லிய தோலுக்குள் அடைபடுவதில்லை, அதனால்தான் உங்கள் சீர்ப் பாத்திரங்கள் சூடாவதில்லை. மண்சட்டியில் மின்சாரமே ஓடாது. ரசத்துக்கு ஈயச் சொம்பு வைத்திருப்பவர்கள் இதில் முயற்சி பண்ண வேண்டாம், அது எந்த அடுப்பிலும் ரசத்தை ஊற்றிய பிறகு ஏற்ற வேண்டிய பாத்திரம். அதில் இருப்பது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். வார்ப்பு இரும்பு தோசைக்கல் அருமையாக வேலை செய்யும். அடி தட்டையாக இருக்க வேண்டும். காயில் வட்டமாக இருப்பதால் அதற்கு நேர் மேலே தோசை முறுகி, நடுவில் வெளுப்பாக நிற்கும். கல்லைச் சின்னத் தீயில் நிதானமாகக் காயவிட்டால் சரியாகும்.

புதிதாக வாங்கினால் அடியில் 430 ரகத் தகடு ஒட்டிய பாத்திரமாகக் கேளுங்கள். அதில் நிக்கல் கிடையாது, காந்தம் கப்பென்று ஒட்டும். உள்ளே மாமியாருக்குப் பிடித்த ரகம், அடியில் அடுப்புக்குப் பிடித்த ரகம்.

கிணற்றில் 5 எச்.பி. மோட்டார். கரன்ட் போய் வந்தால் ஸ்டார்ட்டர் விழுந்துவிடுகிறது. ராத்திரி எழுந்து போய்ப் போட முடியவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஸ்டார்ட்டர் பட்டனைக் குச்சி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? ஸ்டார்ட்டர் வேறு அடிக்கடி டர்ர்ரென்று கத்துகிறது.
- விவசாயி, உடுமலை

குச்சி வைத்துக் கட்டியவர்களால்தான் என் பட்டறை ஓடியது. ஆகவே நன்றியோடு சொல்கிறேன்: வேண்டாம் சாமி.

ஸ்டார்ட்டருக்குள் இருப்பது ஒரு மின்காந்தம். பச்சைப் பட்டனை அழுத்தினால் நோ-வோல்ட் காயிலுக்கு மின்சாரம் போகிறது, இரும்புக் கட்டை காந்தமாகி எதிர்க் கட்டையை இழுத்துப் பிடிக்கிறது, மூன்று பேஸும் மோட்டாருக்குச் சேர்கின்றன. கரன்ட் போனால் காந்தம் செத்துவிடும், ஸ்பிரிங் தள்ளிவிடும், ஸ்டார்ட்டர் விழும். அது பழுது இல்லை, அதற்காகத்தான் அந்தக் காயிலையே வைத்திருக்கிறார்கள்.

குச்சி இருந்தால் கரன்ட் திரும்ப வந்ததுமே நேராக மோட்டாருக்குப் போய்விடும். ஆனால் மூன்று பேஸும் சேர்ந்து வரும் என்று யார் சொன்னது? எங்கோ ஒரு பியூஸ் போயிருந்தால் இரண்டுதான் வரும். மூன்று பேஸ் இருந்தால்தான் ஸ்டேட்டருக்குள் (மோட்டாரின் சுற்றாத வெளிப்பாகம்) காந்தப்புலம் சுற்றும். இரண்டு மட்டும் வந்தால் அது சுற்றாது, முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டு நிற்கும். நின்ற மோட்டார் கிளம்பாது, உறுமும். ஓடும்போது இழுப்பதற்கு ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். ஆம்பியர் அளவு மீறினால் அணைத்துவிடும் ஓவர்லோடு ரிலேயையும் யாராவது ‘சரி’ செய்து வைத்திருந்தால் சில நிமிடத்தில் காயில் போய்விடும். மோட்டாரைப் பிரித்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிடும். மூன்று காயிலின் ஒரு முனையையும் ஒன்றாக முடிச்சிட்ட ஸ்டார் கட்டாக இருந்தால் இரண்டு பேஸ் காயில் கருகி ஒன்று புதுக் கருக்கோடு இருக்கும். மூன்றையும் முக்கோணமாக இணைத்த டெல்டாவாக இருந்தால் ஒன்று மட்டும் கருகியிருக்கும். “தானா எரிஞ்சு போச்சுங்க” என்று சொல்பவரிடம் நாங்கள் ஒன்றும் கேட்பதில்லை. குச்சி எங்கே என்று மட்டும் மனசுக்குள் நினைத்துக்கொள்வோம்.

மூன்று பேஸும் சரியாக வந்தபிறகு, சிறிது நேரம் விட்டுத் தானாகப் போடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் கிடைக்கிறது. ஒரு பேஸ் வராவிட்டால் மோட்டாரை ஓடவிடாத சிங்கிள் பேஸ் பிரிவென்ட்டர் சேர்ந்ததாக வாங்குங்கள். ஒரு தடவை ரீவைண்டிங் செய்யும் காசை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டர்ர் சத்தத்துக்கு வருவோம். நம் மின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. ஒவ்வொரு தடவையும் காந்தம் பிடியை விடப் பார்க்கும். விட்டால் கட்டை தட்டித் தட்டி அதிரும். அதைத் தடுக்கத்தான் கட்டையின் முகத்தில் ஒரு சின்னச் செப்பு வளையத்தைப் பதித்திருக்கிறார்கள். ஷேடிங் ரிங் என்போம். அதில் பிறக்கும் மின்சாரம் தனியாக ஒரு காந்தப்புலத்தைக் கொஞ்சம் தாமதமாக உண்டாக்குகிறது. முதல் பிடி தளரும் நேரத்தில் இரண்டாவது பிடித்துக்கொள்கிறது. அந்த வளையம் விரிசல் விட்டால் ஸ்டார்ட்டர் கத்தும். கட்டையின் முகத்தில் துரு, செத்த எறும்பு, பல்லி முட்டை இருந்தாலும் கத்தும். வோல்டேஜ் இறங்கினாலும் கத்தும். மெயினை அணைத்துவிட்டு முதலில் எறும்பைப் பாருங்கள். தோட்டத்து ஸ்டார்ட்டர்களில் பெரும்பாலும் அதுதான்.

அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனோம். தாலியைக் கழற்றச் சொன்னார்கள். அம்மா அழுதுவிட்டார். தங்கத்தில் காந்தம் ஒட்டாதே, ஏன் கழற்ற வேண்டும்?
- வாசகர், கும்பகோணம்

தங்கத்தைக் காந்தம் இழுக்காது, உண்மை. ஆனால் நம் வீட்டுப் பெண்கள் தாலிக்கொடியில் தங்கத்தை மட்டுமா கோத்திருக்கிறார்கள்? நாலு ஊக்கு தொங்கும். அவசரத்துக்கு உதவும் என்று மாட்டிய ஊக்கு, சுத்தமான இரும்புக் கம்பி. சில மருத்துவமனைகளில் இருக்கும் சாதாரண எம்.ஆர்.ஐ. காந்தத்தின் பலம் 1.5 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தைவிட முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். அந்த ஊக்கு கழுத்தருகே எந்தப் பக்கம் பாயும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஊக்கையெல்லாம் எடுத்துவிட்டாலும் இன்னொரு சங்கதி இருக்கிறது. படம் எடுக்கும்போது உடம்புக்குள் ரேடியோ அலை அனுப்புகிறார்கள், 1.5 டெஸ்லா கருவியில் அது நொடிக்கு ஏறக்குறைய 6.4 கோடி முறை அதிர்வது. கழுத்தைச் சுற்றி மூடிய உலோகச் சங்கிலி இருந்தால் அதில் மின்சாரம் பிறக்கலாம், சூடாகித் தோலைச் சுடலாம். இண்டக்ஷன் அடுப்பில் நடக்கிற வேலையின் தங்கச்சி இது. படமும் அந்த இடத்தில் கெட்டுப்போகும். மெட்டியும் அப்படித்தான்.

இன்னும் ஒன்றை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அறைக்குள் இருக்கும் காந்தம் ஸ்கேன் நடக்காதபோதும் உயிரோடுதான் இருக்கும். நியோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருளை திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் முக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பிக்குத் தடையே இல்லாததால், ஒருமுறை ஏற்றிய மின்சாரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 2018 ஜனவரியில் மும்பையில் ஒருவர் உறவினருக்காக ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போய் உயிரையே விட்டார். “மிஷின் ஓடலைங்க, சும்மா உள்ள போலாம்” என்று வாசலில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அம்மாவுக்கு மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிப் போட்டு அனுப்பலாம். பருத்திக் கயிறுக்கும் மஞ்சளுக்கும் எந்தக் காந்தமும் ஆட்சேபம் சொல்லாது. ஜரிகையும் உலோக மணியும் சேராததாகப் பார்த்து, டெக்னீஷியனிடம் காட்டிவிட்டுக் கட்டுங்கள்.

வடக்கே தலை வைத்துப் படுத்தால் பூமியின் காந்தம் ரத்தத்தில் உள்ள இரும்பை மூளைக்கு இழுத்துவிடும் என்கிறார்களே?
- வாசகர், ஈரோடு

மேலே சொன்ன எம்.ஆர்.ஐ. கருவியையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். பூமியைவிட முப்பதாயிரம் மடங்கு பலமான காந்தத்துக்குள் அரை மணி நேரம் படுத்தவர் தலையில் ரத்தம் சேரவில்லை, எழுந்து காபி குடிக்கப் போகிறார்.

ரத்தத்தில் இருக்கும் இரும்பு, ஆணியில் இருக்கும் இரும்பின் கூட்டம் இல்லை. ஹீமோகுளோபினுக்குள் ஒற்றை ஒற்றை அணுவாகப் பொதிந்திருப்பது. 1936ல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் அளந்து பார்த்தார்கள்: ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் துளி விலக்குகிறது, ஆக்சிஜனை இறக்கிவைத்த ரத்தத்தைத் துளி இழுக்கிறது. இரண்டும் கையால் உணர முடியாத துளி. ஆனால் அந்தத் துளி வித்தியாசத்தை வைத்தே மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று படம் எடுக்கலாமென 1990ல் செய்ஜி ஒகாவா காட்டினார். இன்று மூளை ஆராய்ச்சியில் பெரும் பங்கு அதன்மேல் நிற்கிறது.

வடக்கே தலை வைக்கக் கூடாது என்பது வீட்டுப் பெரியவர்கள் வழக்கம். என் வீட்டிலும் வைப்பதில்லை. வழக்கம் என்று சொல்லிவிட்டுப் போகட்டும், காந்தத்தைப் பொய்சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.

போர்வெல் தண்ணீர் உப்பு. குழாயின்மேல் காந்தம் கட்டினால் தண்ணீர் மென்மையாகிவிடும் என்று ஒருவர் ஆயிரக்கணக்கில் கேட்கிறார். பைக் பெட்ரோல் டியூபில் கட்டினால் மைலேஜ் கூடுமாம். வாங்கலாமா?
- வாசகர், நாமக்கல்

வேண்டாம். தண்ணீரைக் கடினமாக்குவது அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். காந்தத்தைத் தாண்டிய பிறகும் அவை தண்ணீரிலேயேதான் இருக்கும். விற்பவர் எதிரிலேயே காந்தத்துக்கு முன்னால் ஒரு டம்ளர், பின்னால் ஒரு டம்ளர் பிடித்து, இரண்டிலும் ஒரே அளவு சோப்பு போட்டு நுரைக்கச் சொல்லுங்கள். பெட்ரோலுக்கு இதைவிடச் சின்னப் பதில்: இல்லை.

சும்மா ஓரிடத்தில் நிற்கிற காந்தம் இரும்பைப் பிடிக்கும், வடக்கைக் காட்டும். அதற்குமேல் அதனிடம் வேலை வாங்க வேண்டுமானால் ஏதாவது ஒன்று அசைய வேண்டும், அல்லது மாற வேண்டும். இதைக் கண்டுபிடித்தது மைக்கேல் ஃபாரடே. 1831 ஆகஸ்ட் 29ஆம் தேதி, ஓர் இரும்பு வளையத்தின் இரண்டு பக்கமும் கம்பி சுற்றி, ஒன்றில் பேட்டரியையும் மற்றொன்றில் ஒரு காந்த ஊசியையும் சேர்த்தார். பேட்டரியை இணைத்த நொடியில் ஊசி துள்ளியது. பிறகு மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தாலும் ஊசி சும்மா கிடந்தது. பேட்டரியைக் கழற்றிய நொடியில் மறுபடி துள்ளியது, இந்த முறை எதிர்ப்பக்கமாக. நம் ஊர் டிரான்ஸ்ஃபார்மர் அந்தத் துள்ளலின் பேரன். காந்தப் படுக்கை, காந்த வளையல், காந்தத் தண்ணீர் என்று எது வந்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: இதில் என்ன அசைகிறது? பெரும்பாலும் நம் பர்ஸ் மட்டும்தான் அசையும்.

மோட்டாருக்குள் காந்தமே இல்லையே, எப்படிச் சுற்றுகிறது? பெயர்ப்பலகையில் வேகம் ஏன் 1440 என்று ரவுண்டாக இல்லாத எண்?
- டிப்ளமோ மாணவர், சேலம்

நல்ல கேள்வி. நான்கு போல் (காந்தத் துருவம்) உள்ள மோட்டாரில், 50 சுழற்சி மின்சாரத்தில், ஸ்டேட்டரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 தடவை சுற்றும். ரோட்டருக்குள் (உள்ளே சுற்றும் பாகம்) இருப்பவை வெறும் அலுமினியக் கம்பிகள். சுற்றும் புலம் அவற்றைக் கடக்கும்போது அவற்றில் மின்சாரம் பிறக்கிறது, அந்த மின்சாரம் ரோட்டரைத் தற்காலிகக் காந்தமாக்குகிறது, புலத்தின் பின்னால் ஓட வைக்கிறது. ரோட்டரும் 1500ஐ எட்டிவிட்டால் என்ன ஆகும்? அதன் கண்ணுக்குப் புலம் நின்றுவிட்டதாக ஆகும். மாற்றம் இல்லை, மின்சாரம் இல்லை, இழுப்பும் இல்லை. அதனால் எப்போதும் கொஞ்சம் பிந்தியே ஓடுகிறது. லோடு ஏற ஏற இன்னும் பிந்தும். 1440 என்பது முழு லோடில் ஓடும் வேகம்.

இந்த மோட்டாரை 1880களில் கலிலியோ ஃபெராரிஸும் நிகோலா டெஸ்லாவும் தனித்தனியே எட்டினார்கள். நம் ஊருக்கு பைகாரா மின்சாரம் 1930களில் வந்தது. 1937ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மோட்டார் செய்துவிட்டார்கள். கோவைக்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கினால் கரன்ட் பில் குறையுமா?
- வாசகி, தாம்பரம்

குறையும். பழைய ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் அளவு இழுக்கும். இது 30 வாட் சுற்றி. பழைய ஃபேன் முன் பதிலில் சொன்ன மோட்டாரின் சின்ன உருவம். ரோட்டரைக் காந்தமாக்கவே அதற்குக் கொஞ்சம் மின்சாரம் செலவாகிறது. புதியதில் நிரந்தரக் காந்தம் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. தினம் 12 மணி நேரம் ஓடும் ஃபேனை மாற்றினால் மாதத்துக்கு 16 யூனிட் மிச்சம். பூஜை அறைக்கு மாற்றுவதில் அர்த்தம் இல்லை.

ஒரு குறையும் சொல்கிறேன். பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும், சில்லறைக் காசில் முடியும். புதியதில் அதை ஓட்டும் எலக்ட்ரானிக் போர்டு போனால் எங்களைப் போன்ற காயில் கடைக்காரர்கள் கை வைக்க முடியாது. உத்தரவாதம் எத்தனை வருடம், போர்டு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

காந்தத்தை உடைத்தால் வடக்கு ஒரு துண்டிலும் தெற்கு ஒரு துண்டிலும் போய்விடாதா? சூடு காட்டினால் ஏன் காந்தம் செத்துப்போகிறது?
- ஒன்பதாம் வகுப்பு மாணவி, அரூர்

போகாது. எத்தனை துண்டாக உடைத்தாலும் ஒவ்வொன்றும் இரண்டு துருவமுள்ள முழுக் காந்தம். காரணம், இரும்பில் ஒவ்வோர் அணுவுமே ஒரு குட்டிக் காந்தம். சாதாரண ஆணியில் அவை கும்பல் கும்பலாக ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்கும். தேர்வடத்தை ஆயிரம் பேர் ஆயிரம் திசையில் இழுத்தால் தேர் அசையாது. எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினால் கிளம்பிவிடும். ஆணிமேல் காந்தத்தை ஒரே திசையில் தேய்ப்பது அவர்களைத் திருப்பி நிறுத்துகிற வேலை. ஓங்கித் தட்டினால் வரிசை குலையும்.

சூடு ஏற்றினால் அணுக்களின் ஆட்டம் கூடும். இரும்புக்கு 770 டிகிரியில் வரிசை முழுக்க உடைந்துவிடுகிறது. அதற்குமேல் காந்தம் அதை இழுக்கவே இழுக்காது. பியர் கியூரி 1895ல் இதை ஆராய்ந்து எழுதியதால் கியூரி வெப்பநிலை என்கிறோம். இப்போது பொம்மையிலெல்லாம் வரும் பளபளப்பான நியோடிமியம் காந்தம் பலசாலி, ஆனால் சூடு தாங்காது. சாதாரண ரகம் 80 டிகிரியைத் தாண்டினாலே பலத்தை இழக்க ஆரம்பிக்கும்.

திருநெல்வேலிக்குப் பக்கத்தில் பூமியின் காந்தக் கோடு போகிறது என்று கேள்விப்பட்டேன். என்ன அது?
- ஆசிரியர், தென்காசி

காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி குனியாமல் மட்டமாகப் படுக்கும் இடங்களைச் சேர்த்த கோடு. காந்த ஊசியை மேலும் கீழும் ஆடும்படி தொங்கவிட்டால் லண்டனில் அதன் வடமுனை 66 டிகிரி அளவு கீழே குனியும். காந்தத் துருவத்தில் செங்குத்தாக நிற்கும். உங்கள் பக்கத்தில் குனியாமல் ஏறக்குறைய மட்டமாகப் படுத்திருக்கும். ஐரோப்பாவுக்காகச் செய்த திசைகாட்டியை இங்கே கொண்டுவந்தால் ஊசி ஒரு பக்கம் சாய்ந்து கண்ணாடியில் உரசுவதும் இதனால்தான். அந்த ஊர்க் குனிவைச் சரிக்கட்ட ஊசியின் மறுபக்கம் கனம் சேர்த்திருப்பார்கள்.

இந்தக் கோட்டுக்கு மேலே, ஏறக்குறைய 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் பெரிய மின்னோட்டம் ஒன்று வானத்தில் ஓடுகிறது. அதை ஆராய வசதியாக இருக்கும் என்றுதான் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் போனது. திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதும் இந்தக் கோட்டுக்காகத்தான். மாணவர்களை அனுமதி கேட்டு அழைத்துப் போங்கள்.

அந்த நிறுவனத்தின் பூர்விகம் பம்பாய் கொலாபா. 1859 செப்டம்பரில் சூரியனிலிருந்து வந்த பெரும் காந்தப் புயலின்போது அங்கே காந்தப்புலம் ஏறக்குறைய 1,600 நானோடெஸ்லா சரிந்ததைக் குறித்து வைத்தார்கள். இன்றும் உலகம் எடுத்துப் பார்க்கும் குறிப்பு அது. பிறகு பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் அளவீட்டுக்கு ஆபத்து என்று கடல் தாண்டி அலிபாக்கில் இடம் பார்த்து, 1904ல் அங்கே பதிவைத் தொடங்கினார்கள். டிராம் போய்விட்டது, அலிபாக்கில் பதிவு தொடர்கிறது.

என் மூன்று வயதுப் பையன் விளையாட்டுச் சாமானில் இருந்த குட்டிக் காந்த உருண்டைகளை வாயில் போடுகிறான். இரும்புதானே, தானாக வெளியே வந்துவிடும் என்கிறார் பாட்டி.
- வாசகி, மதுரை

இன்றைக்கே அதை வீட்டைவிட்டு அகற்றுங்கள். ஒன்றை விழுங்கினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுத்து நடுவில் உள்ள சுவரை நசுக்கி ஓட்டை போடும். எத்தனை விழுங்கினான் என்று வெளியிலிருந்து தெரியாது. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வலிக்காகக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

டீத்தூளில் காந்தத்தை வைத்தால் கறுப்பாக ஒட்டுகிறது. கலப்படமா?
- வாசகர், திருப்பூர்

கொஞ்சமாக ஒட்டினால் கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. நீலகிரியில் பச்சை இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுபவை பல் வைத்த எஃகு உருளைகள். பல் தேயத் தேய இரும்புத்தூள் இலையோடு சேரும். நல்ல ஃபேக்டரியில் தூள் ஓடும் வழியில் காந்தம் வைத்து அதைப் பிடித்துவிடுவார்கள். மாவு மில்லில் ஆணி பிடிக்க வைப்பதும் இதே காந்தம்தான். நிற்கிற காந்தம் உருப்படியாகச் செய்யும் வேலை இது. உங்கள் காந்தத்தில் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு ஒட்டினால் அந்தப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

ஈ.பி. மீட்டரில் காந்தம் வைத்தால்...
- பெயர், ஊர் இல்லை

பெயர் போடாதபோதே உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கிறது. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 135, மூன்று வருடம் வரை சிறை. இப்போதைய மீட்டர்கள் பக்கத்தில் காந்தம் வந்த தேதியையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்கின்றன.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மின்காந்தம் செய்ய வேண்டும். செலவில்லாமல் ஏதாவது சொல்லுங்கள்.
- எட்டாம் வகுப்பு மாணவர், கரூர்

பக்கத்தில் உள்ள காயில் கடையில் போய்க் கழிவு எனாமல் ஒயர் கொஞ்சம் கேள். யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். நாலு அங்குல இரும்பு ஆணிமேல் நெருக்கமாக, ஒரே திசையில் நூறு சுற்றுச் சுற்று. இரண்டு நுனியிலும் எனாமலை பிளேடால் நன்றாகச் சுரண்டிவிடு. பள்ளிக்கூடத்தில் பாதி மின்காந்தம் வேலை செய்யாமல் போவது சுரண்டாததால். டார்ச் பேட்டரியை இணைத்தால் குண்டூசி கொத்தாக ஏறும்.

பக்கத்தில் ஓர் அட்டை வைத்து இந்தக் கதையை எழுது. 1820ல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதைப் பார்த்தார். 1825ல் வில்லியம் ஸ்டர்ஜன் 200 கிராம் இரும்பைக் கம்பியால் சுற்றி 4 கிலோவைத் தூக்கினார். அவர் சுற்றியது வெறும் கம்பி, சுற்றுக்குச் சுற்று இடைவெளி விட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி கம்பியின்மேல் பட்டுத்துணி சுற்றினார். நெருக்கி, அடுக்கு அடுக்காகச் சுற்ற முடிந்தது. 1831ல் அவர் செய்த காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது. பட்டு இருந்த இடத்தில் இன்று எனாமல்.

இன்னொன்றும் செய்யலாம். ஏ.சி. மெக்கானிக் கடையில் ஒரு முழம் செப்புக் குழாய் வாங்கி, அதற்குள் தாராளமாக நுழையும் நியோடிமியம் காந்தத்தை மேலிருந்து போடு. செம்பில் காந்தம் ஒட்டாது, ஆனாலும் சாவகாசமாக இறங்கி வரும். விழும் காந்தம் குழாயில் மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது, அந்த மின்சாரம் காந்தத்தின் விழுகையையே எதிர்க்கிறது. லென்ஸ் 1834ல் சொன்ன விதி. நடுவர் வந்ததும் முதலில் அதே பருமனுள்ள இரும்பு ஆணியைப் போட்டுக் காட்டு, அப்புறம் காந்தத்தைப் போடு. ஆணி காந்தமாகிற மாதிரியில் மட்டும் பேட்டரியைச் சேர்த்தே வைக்காதே, ஒயர் சுடும், பேட்டரியும் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். ஒரு சின்ன சுவிட்ச் வைத்துக்கொள்.